அஞ்சலையின் கையும் ஒரு பை மல்லாட்டையும்

போன வாரம் ஓர் இளம் வக்கீல் போன் செய்தார். வணக்கம் இல்லை, நலமா என்ற கேள்வி இல்லை. “சார், டாக்டர் மேல போடற கேசுக்கு மாடல் பெட்டிஷன் வச்சிருக்கீங்களாமே, வாட்ஸப்ல அனுப்பிடுங்க” என்றார். என்னிடம் மாடல் எதுவும் இல்லை என்றேன். “பரவால்ல சார், நெட்ல பாத்துக்கறேன்” என்று வைத்துவிட்டார்.

நெட்டில் இருக்கிறது. நானும் தேடிப் பார்த்தேன். சட்டப் பிரிவுகள் எல்லாம் சரியாகவே போட்டிருக்கிறார்கள். எந்தக் கேள்வியைக் கேட்பது, எந்தக் கேள்வியைக் கேட்காமல் உட்காருவது என்பது மட்டும் அதில் இல்லை. அதனால் இதை எழுதுகிறேன். போன் செய்தவர் படிக்க மாட்டார். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் மற்றவர்கள் படித்தால் போதும்.

திண்டிவனத்திலும் விழுப்புரத்திலுமாக நான் கோட்டு மாட்டிய காலத்தில் மருத்துவக் கவனக்குறைவு வழக்கு என்று எடுத்து நடத்தியவை பத்தொன்பது. ஜெயித்தவை ஏழு. இது நல்ல கணக்கா மோசமான கணக்கா என்று எனக்கு இன்றும் தெரியாது. வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவை அதைவிட மூன்று மடங்கு இருக்கும். அவற்றில் எனக்குத் தெரிந்து தவறாக அனுப்பியது ஒன்றுகூட இல்லை. அந்தக் கணக்கில்தான் எனக்குத் திருப்தி.

திருப்பி அனுப்புவதையும் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும். மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அங்காளம்மன் கோயில் அமாவாசைக் கூட்டத்தில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டு, அவருடைய அப்பா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோதே பாதி உயிர்தான். டாக்டர் செய்ய வேண்டியதை எல்லாம் செய்திருந்தார். காகிதங்களை இரண்டு தடவை படித்துவிட்டு, இதில் வழக்கு இல்லை என்றேன். “யாரு மேலயாச்சும் போடணும் சார்” என்றார். அந்த ‘யாரு மேலயாச்சும்’ காதில் விழுந்தால் கோப்பை மூடிவிடுங்கள். நோயாளி இறந்தது துக்கம். துக்கம் எல்லாம் கவனக்குறைவு ஆகாது. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அவர் நேராக வேறொரு வக்கீலிடம் போனார். அதை நான் தடுக்க முடியாது.

இனி அஞ்சலை வழக்கு. நீங்கள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டுத் தெரிந்துகொள்வதாக இருந்தால் இதைத்தான் சொல்வேன்.

அஞ்சலைக்கு ஊர், அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நாற்பது வயதிருக்கும். கணவர் ஏழுமலை. இருவரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். சொந்த நிலம் கிடையாது, கொஞ்சம் குத்தகைக்கு எடுத்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுவார்கள். என் அலுவலகத்துக்கு வந்தபோது அந்த அம்மாள் வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்திருந்தார். காட்டச் சொன்னேன். ஐந்து விரல்களும் உள்ளங்கையைப் பார்த்து மடங்கி, முன்கை குச்சி போல இருந்தது. இடது கையால் ஒவ்வொரு விரலாக நீட்டிக் காட்டினார். விட்டதும் மறுபடி மடங்கிக்கொண்டன.

ஐப்பசி மழையில் வரப்பில் வழுக்கி விழுந்து முன்கை எலும்பு முறிந்திருக்கிறது. திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். ராத்திரி முழுக்க வலி. விரல் மரத்துப்போய், வீங்கி, நீலம் பாய்ந்திருக்கிறது. ஏழுமலை திரும்பத் திரும்பப் போய் நர்ஸிடம் சொல்லியிருக்கிறார். “கட்டு போட்டா வலிக்கத்தான் செய்யும், ஊசி போட்டிருக்கு, தூங்கச் சொல்லுங்க” என்றார்களாம். டாக்டர் மறுநாள் சாயங்காலம்தான் வந்து கட்டைப் பிரித்திருக்கிறார். கட்டு மாற்றிப் போட்டு, எலும்பு கூடிவிட்டது. கை போய்விட்டது. ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் அமுக்கி அமுக்கிப் பயிற்சி செய், சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மாதாமாதம் போய்க் காட்டியிருக்கிறார்கள். ஒன்றரை வருஷத்துக்கு மேல் இப்படியே போனபின் யாரோ சொல்லிப் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே ஓர் அறுவை மருத்துவர் கையைப் பார்த்ததும், “அன்னிக்கு ராத்திரியே கட்ட வெட்டியிருக்கணும்” என்று சொல்லிவிட்டார்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஏழுமலை இரண்டு முறை குறுக்கே வந்தார்.

“பந்த ஒழுங்கா அமுக்கியிருந்தா கை வந்திருக்கும் சார். டாக்டரே சொன்னாரு. இவ சோம்பேறித்தனம்.”

“இவரு கையி மடங்கிக்கினு இருந்தா தெரியும்” என்றார் அஞ்சலை.

“டிவி பாத்துக்கினு ஒக்காந்திருப்பா சார், பந்து கட்டிலுக்கு அடியில கெடக்கும்.”

“கட்டிலுக்கு அடியில போனா யாரு எடுத்துக் குடுத்தா? நீயா எடுத்துக் குடுத்த?”

நான் கையைக் காட்டி இருவரையும் நிறுத்தினேன். நஷ்ட ஈடு கேட்டு நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், ஆனால் நாளாகும், அலைச்சல் இருக்கும் என்று விளக்கினேன். ஏழுமலை தலையாட்டினார். அஞ்சலை அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

“சார், எனக்கு ஒண்ணு தெரியணும். இது கட்டால ஆனதா, என்னால ஆனதா?”

“புதுச்சேரி டாக்டர் சொல்லிவிட்டாரே, அம்மா.”

“அவரு எங்கிட்ட சொன்னாரு. ஊர்ல எல்லாரும் நாந்தான் கைய கெடுத்துக்கினேன்னு பேசறாங்க. இவரே அப்பிடித்தான் பேசறாரு. கேஸ்ல அத கேப்பீங்களா?”

“கேட்கலாம்” என்றேன்.

இந்தக் ‘கேட்கலாம்’ என்ற சொல்லை எச்சரிக்கையாகப் பயன்படுத்துங்கள். நாம் வழியனுப்புவதற்காகச் சொல்கிறோம். கட்சிக்காரர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

வழக்கில் இருந்த சிக்கலை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிப் புகாரைக் காரணம் தோன்றியதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தாக வேண்டும். அஞ்சலை என்னிடம் வந்தபோதே கட்டுப் போட்ட நாளிலிருந்து அந்தக் கெடு தாண்டிவிட்டது. தாமதத்தை மன்னிக்கக் கோரி மனு போட்டேன். மன்னிப்பதும் மன்னிக்காததும் ஆணையத்தின் விருப்பம். அதை மட்டும் நம்பி உட்கார முடியாது. எனக்கு இருந்த நல்ல வாதம், சிகிச்சை கட்டோடு முடியவில்லை, மாதாமாதம் தொடர்ந்தது, கடைசியாகக் கையைப் பார்த்து ‘சரியாகிவிடும்’ என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்துதான் கெடுவை எண்ண வேண்டும் என்பது. ஆனால் மாதாமாதம் போனதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட அவர்களிடம் இல்லை. பழைய நோயாளி என்று பீஸ் வாங்காமல், நின்றபடியே பார்த்து அனுப்பியிருக்கிறார். அதை அவருடைய நல்ல குணம் என்று அஞ்சலை சொன்னார். எனக்குத் தலைவலி அந்த நல்ல குணத்தால்தான்.

புதுச்சேரி மருத்துவர் தம் கருத்தை எழுத்தில் கொடுத்துவிட்டார். ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எதிராக எழுதிக் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்கே தெரியவரும். அதனால் கவனக்குறைவு என்ற பகுதியில் நான் ஓரளவு தைரியமாக இருந்தேன். அங்கே போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே, காலம் கடந்த புகார் என்று வாசலிலேயே தள்ளிவிடுவார்களோ என்பதுதான் பயம்.

எதிர்த்தரப்பின் பிரமாண வாக்குமூலம் வந்தது. ஆறு வாரத்தில் கட்டு எடுத்ததோடு சிகிச்சை முடிந்தது, மாதாமாதம் வந்தார்கள் என்பது கற்பனை, பயிற்சியைச் செய்யாதது நோயாளியின் தவறு என்று இருந்தது. இவை எதிர்பார்த்தவை. எதிர்பார்க்காதது ஒரு பத்தி. புகார்தாரர் சிகிச்சையில் மனநிறைவு அடைந்து, போன சித்திரையில் தாமாகவே மருத்துவமனைக்கு வந்து, நன்றி தெரிவிக்கும் விதமாக ஒரு பை நிலக்கடலை அளித்துச் சென்றார் என்று டாக்டர் சத்தியம் செய்திருந்தார்.

உடனே போன் செய்தேன். ஏழுமலைதான் எடுத்தார்.

“மல்லாட்டையா? அதெல்லாம் இல்ல சார்.”

“அந்த அம்மாவிடம் கொடுங்கள்.”

அஞ்சலையும் இல்லை என்றார். சத்தம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. நான் அதைக் கேட்டேன், கேட்டும் விட்டுவிட்டேன். கட்சிக்காரர் ‘இல்லை’ என்றால் அது நமக்கு வசதியாக இருக்கும்போது நாம் மேலே தோண்டுவதில்லை.

நுகர்வோர் ஆணையத்தில் பெரும்பாலும் கேள்வியையும் எழுத்தில் கொடுத்துப் பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்வார்கள். இந்த வழக்கில் நேரில் விசாரிக்க எதிர்த்தரப்பு அனுமதி கேட்டு வாங்கியது. எதிர்த்தரப்பு வக்கீல் எனக்கு நெடுநாள் சிநேகிதர். கெட்டிக்காரர். மெதுவாகப் பேசுவார். குரலை உயர்த்துகிற வக்கீலுக்குப் பயப்பட வேண்டாம், குரலைத் தாழ்த்துகிறவருக்குப் பயப்படுங்கள்.

அஞ்சலை சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு நின்றார். டாக்டர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் அவரைப் பார்த்ததும், பழக்கத்தில், பாதி கும்பிடு போட்டார். ஒரு கைக் கும்பிடு.

“போன சித்திரையில டாக்டர் ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா, அம்மா?”

“போனேங்க.”

“ஏதாவது எடுத்துட்டுப் போனீங்களா?”

அஞ்சலை என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன்.

“சத்தியம் பண்ணிட்டீங்க” என்று எதிர்த்தரப்பு வக்கீல் இன்னும் மெதுவாகச் சொன்னார்.

“மல்லாட்ட எடுத்துக்கினு போனேங்க.”

“எவ்வளவு?”

“ஒரு பை. காய வச்சது.”

“டாக்டர் கேட்டு வாங்கினாரா?”

“இல்லீங்க. நானாதான்.”

“யாராவது மிரட்டினாங்களா?”

“மல்லாட்டைக்குப் போயி யாருங்க மிரட்டுவாங்க?”

ஆணையத்தின் உறுப்பினர் ஒருவர் சிரித்துவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீலும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“குடுக்கறப்போ டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க?”

“நீங்க நல்லா இருக்கணும் சார்னு சொன்னேன்.”

“உங்க கையக் கெடுத்தவர்னு இங்க சொல்றீங்களே, அவரையா?”

“அவரத்தாங்க.”

“அவ்வளவுதான்” என்று உட்கார்ந்துவிட்டார். இதைவிடச் சுருக்கமான, இதைவிடக் கச்சிதமான குறுக்கு விசாரணையை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆணையத்தின் தலைவர் மதிய உணவுக்கு எழுந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு மறு விசாரணை, அதாவது என் சாட்சியை நான் திரும்பக் கேள்வி கேட்கும் வாய்ப்பு.

வெளியே வந்ததும் என் குமாஸ்தா பிடித்துக்கொண்டார். “நம்மகிட்ட இல்லன்னுதான சார் சொன்னாங்க? பேஜாரு ஆயிடுச்சி. ஜல்தியா அவங்கள இட்டாந்து இன்னா சொல்லணும்னு சொல்லிக் குடுத்துடுங்க. பசங்க எடுத்துக்கினு போய் வச்சிட்டாங்க, நான் வேணாம்னுதான் சொன்னேன், அப்பிடி இப்பிடின்னு...”

“இப்போதுதான் நானாதான் கொடுத்தேன் என்று சொல்லியிருக்கிறார்.”

“அப்ப பயத்துல சொல்லிட்டேன்னு சொல்லட்டும்.”

இந்த இடத்தில்தான் உங்களில் பலர் வழுக்குவீர்கள். சாட்சி கூண்டில் ஏறி இறங்குவதற்குள், இடைவேளையில் போய்ப் பதிலைச் சொல்லிக் கொடுப்பது முறை இல்லை. முறை இல்லை என்பதை விடுங்கள், அது உதவாது. சொல்லிக் கொடுத்த பதில் சொல்லிக் கொடுத்த பதிலாகவே வெளியே வரும். நான் அஞ்சலையிடம் பேசவில்லை. பேசினால் கேட்டுவிடுவேன் என்று பயந்து, அந்த அம்மாள் உட்கார்ந்திருந்த பக்கத்தையே பார்க்காமல் டீக்கடைப் பக்கம் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் ஏழுமலை வந்து நின்றார்.

“வக்கீலு கோச்சிக்கினாருன்னு அவ சோறு துன்ன மாட்டேன்றா சார்.”

“கோபம் இல்லை. சாப்பிடச் சொல்லுங்கள். இப்போது நான் அவரிடம் பேசக் கூடாது, அது சட்டம்.”

“மல்லாட்ட விஷயம் சார்...”

“உங்களிடமும் அதைப் பேசக் கூடாது.”

அவர் போய்விட்டார். நான் யோசித்தேன். இரண்டு வழிதான். மறு விசாரணை இல்லை என்று சொல்லிவிட்டு, சேதம் இதோடு போகட்டும் என்று இருப்பது ஒன்று. ‘ஏன் கொடுத்தீர்கள்?’ என்று கேட்பது மற்றொன்று. நான் தொழில் பழகிய சீனியர், பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்டால் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுப் போய்விடு என்பார். பதில் எனக்குத் தெரியாது. நன்றியால் கொடுத்தேன் என்று அந்த அம்மாள் சொன்னால் வழக்கு அந்த நிமிஷத்தோடு முடிந்தது.

எனக்கு எண்ணும் பழக்கம் உண்டு. டீயை வைத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்த பைகளை எண்ணினேன். முருங்கைக்காய், பூசணிக்காய், கேப்பை மாவு, கரும்பு, மல்லாட்டை. தொழிலில் இத்தனை வருஷத்தில் இப்படிக் கொண்டு வந்து வைத்தவர்கள் எத்தனையோ பேர். தீர்ப்பு வந்தபின் கொண்டு வந்தவர்கள்? மூன்று பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள், மிஞ்சிப்போனால் நான்கு. மற்றவர்கள் எல்லாரும் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது கொண்டு வந்தவர்கள். வாய்தா தள்ளிப்போன வாரத்தில் வந்தவை இன்னும் அதிகம். நன்றி சொல்ல வந்தவர்கள் இல்லை அவர்கள். தங்கள் காரியம் என் கையில் இருக்கிறது, நான் அதை மறந்துவிடக் கூடாது என்று வந்தவர்கள்.

காரியம் முடிந்துவிட்டதென்றால் அஞ்சலை எதற்கு அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அனந்தபுரத்திலிருந்து திண்டிவனம் வரை பஸ்ஸில் போக வேண்டும்?

இது பதில் ஆகாது. ஊகம்தான். ஆனால் வெறும் துணிச்சலுக்கும் ஊகத்துக்கும் வித்தியாசம் உண்டு. நம் மக்களை எத்தனை வருஷம் பார்த்திருக்கிறோம் என்பதுதான் அந்த வித்தியாசம். டீயைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

“மல்லாட்டை ஏன் கொடுத்தீர்கள், அம்மா?”

அஞ்சலை என் முகத்தையே பார்த்தார். திட்டப்போகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். தலைவர், “பயப்படாம சொல்லுங்க” என்றார்.

“மாசாமாசம் வர்றேன்னு சார் சலிச்சிக்கினாரு. உனக்கு வேற வேலையே இல்லியான்னாரு. போற போக்குல கைய தொட்டுட்டுப் போயிடுவாரு. அந்த தபா மல்லாட்ட புடுங்கினோம். எடுத்துக்கினு போனா கொஞ்சம் ஒக்கார வச்சிப் பாப்பாருன்னுதாங்க.”

“பார்த்தாரா?”

“பாத்தாருங்க. நாற்காலி போட்டு ஒக்கார வச்சாரு. ஒவ்வொரு வெரலா நீட்டிப் பாத்தாரு. இன்னும் ஆறு மாசம் அமுக்கு, வந்துடும்னாரு.”

“நீங்க நல்லா இருக்கணும் என்று ஏன் சொன்னீர்கள்?”

“என் கையி அவருகிட்டதான இருக்குது. அவரு நல்லா இருந்தாத்தான எனக்கு நல்லாவும்?”

யாரும் சிரிக்கவில்லை. என் சிநேகிதர் பேனாவின் மூடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார்.

“மல்லாட்டை கொடுக்கவில்லை என்று என்னிடம் ஏன் சொன்னீர்கள்?” என்று நான் கேட்கவில்லை. அது எனக்கும் அந்த அம்மாளுக்கும் உள்ள விஷயம். பிறகு வெளியே வந்து கேட்டேன். “லஞ்சம் குடுத்தேன்னு சொல்லி என்ன உள்ள வச்சிடுவாங்கன்னு இவருதான் சார் சொன்னாரு” என்று ஏழுமலையைக் காட்டினார். ஏழுமலை மரத்தடியில் நின்ற பைக் ஒன்றின் நம்பர் பிளேட்டைப் படித்துக்கொண்டிருந்தார். நமக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் எதை மறைக்கிறார்கள் என்பதைவிட, எதைக் குற்றம் என்று நினைத்து மறைக்கிறார்கள் என்று பாருங்கள். நம் படிப்பில் அது குற்றமாகவே இருக்காது.

அடுத்த வாய்தாவில் டாக்டரை நான் விசாரிக்க வேண்டும். அவருக்கென்று இருபத்தேழு கேள்விகள் எழுதி வைத்திருந்தேன். கட்டைப் பற்றி, இரவு நர்ஸைப் பற்றி, அவர் ஏன் மறுநாள் வரை வரவில்லை என்பதைப் பற்றி, கடைசியாகச் சித்திரையைப் பற்றி. முந்தைய நாள் அவற்றைப் படித்துப் பார்த்தேன். இருபத்தைந்துக்கு அவர் பொய் சொல்லாமலே தப்பித்துவிடக்கூடிய பதில் ஒன்று இருந்தது. அந்த இருபத்தைந்தையும் அடித்துவிட்டேன்.

“சித்திரையில் இவர் மல்லாட்டை கொண்டுவந்த அன்று, கையைப் பரிசோதித்தீர்களா, டாக்டர்?”

அவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சாட்சி யாரும் கிடையாது, ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. இத்தனை நாள் வாக்குமூலத்தில் கற்பனை என்று எழுதியவர்தான். அவர் அஞ்சலை உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினார்.

“பார்த்தேன்.”

“என்ன சொன்னீர்கள்?”

“பயிற்சியைத் தொடரச் சொன்னேன்.”

அவரைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த இடத்தில் அவர் பொய் சொல்லவில்லை. வாக்குமூலத்தை எழுதியது வக்கீல் அலுவலகம், கையெழுத்துப் போட்டது அவர், அது வேறு. நேருக்கு நேர் கேட்டபோது உண்மையைச் சொன்னார். எதிராளி டாக்டரை அரக்கன் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பாதி வழக்குகளில் அவர் ஓர் இரவு அலட்சியமாக இருந்த ஒரு மனிதர், அவ்வளவுதான். அரக்கனிடம் கேட்கும் கேள்வி வேறு, மனிதனிடம் கேட்கும் கேள்வி வேறு.

சித்திரையிலும் சிகிச்சை நடந்திருக்கிறது என்று டாக்டரே சொல்லிவிட்டார். கெடு பிரச்சினை தீர்ந்தது. நான் உட்கார்ந்தேன். பின்னால் யாரோ என் கோட்டைத் தொட்டார்கள். அஞ்சலை.

“அத கேக்கலியே சார்.”

“எதை?”

“என்னாலதானான்னு. அவரு இங்கதான நிக்கறாரு. கேளுங்க சார்.”

டாக்டர் இன்னும் இறங்கவில்லை. தலைவர், “வேற கேள்வி இருக்கா?” என்று என்னைப் பார்த்தார். கேட்டிருக்கலாம். முதல் நாள் ‘கேட்கலாம்’ என்று சொன்னவன் நான்தான். அந்த அம்மாள் இத்தனை தூரம் அலைந்தது அந்த ஒரு கேள்விக்காக. ஆனால் கேட்டால் டாக்டர் என்ன சொல்வார்? பயிற்சி செய்திருந்தால் ஓரளவு பலன் இருந்திருக்கும் என்று சொல்லியிருப்பார். அது பொய்கூட ஆகாது, டாக்டர்கள் எதைப் பற்றியும் அப்படிச் சொல்ல முடியும். அந்த ‘ஓரளவு’ ஆணையத்தின் பதிவில் ஏறிவிட்டால் அதை எந்த வாதத்தாலும் இறக்க முடியாது. புதுச்சேரி மருத்துவரின் கருத்து, அன்றைக்கே தசை செத்துவிட்டது, பயிற்சிக்கு வேலையே இல்லை என்று தெளிவாகச் சொல்லிக்கொண்டு கோப்பில் உட்கார்ந்திருந்தது. வாக்குமூலத்தில் இருந்த அந்த ஒரு வரியைத் தவிர அதற்கு மறுப்பு எதுவும் இல்லை. மறுப்பு வாங்கிக் கொடுக்க நான் யார்?

“இல்லை” என்றேன்.

டாக்டர் இறங்கிப் போனார். அஞ்சலை அன்று என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே ஊருக்குப் போய்விட்டார். குமாஸ்தாவுக்கு ஆச்சரியம். “ஜெயிக்கிற மாதிரி ஆயிடுச்சி, அந்தம்மா இன்னா சார் மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு போவுது?” என்றார். நான் விளக்கவில்லை. கட்சிக்காரருக்கு வேண்டியதும் வழக்குக்கு வேண்டியதும் ஒரே கேள்வியாக இருக்கும் நாட்கள் உண்டு. அன்று அப்படி இல்லை. வழக்குக்கு வேண்டியதைச் செய்தேன். சரியாகத்தான் செய்தேன் என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் ஆணை வரும் வரை எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. எழுத்து வாதத்தில் அந்த அம்மாளின் கேள்விக்காகவே தனியாக ஒரு பக்கம் எழுதினேன். தலைவர் அதை எடுத்துக்கொள்வாரா என்பது தெரியாது. கெடு, கவனக்குறைவு, இழப்பீடு என்று மூன்றை மட்டும் எழுதி முடித்துவிடுகிற ஆணைகள் ஏராளம். அதில் பிழையும் சொல்ல முடியாது.

ஆணை எங்களுக்குச் சாதகமாக வந்தது. இருவரையும் வரச் சொன்னேன். வராந்தாவில் வைத்து, “ஜெயித்துவிட்டோம்” என்றேன். ஏழுமலை என்னைப் பார்த்துக் கும்பிட்டார், பிறகு ஆணையத்தின் கதவைப் பார்த்தும் ஒரு கும்பிடு போட்டார். அஞ்சலை அசையவில்லை.

“அது போட்டிருக்காங்களா சார்?”

நான் படித்துத்தான் வைத்திருந்தேன். கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில், என் எழுத்து வாதத்தின் அந்தப் பக்கத்துக்குப் பதில் சொல்வதுபோல, நான்கு வரிகள். ஆங்கிலத்தில் இருந்ததை நிதானமாகத் தமிழில் சொன்னேன். இறுகிய கட்டால் தசை முதல் இரவிலேயே உயிரிழந்துவிட்டது. அதன்பின் எவ்வளவு பயிற்சி செய்திருந்தாலும் அது திரும்பியிருக்காது. பயிற்சி செய்யாததுதான் காரணம் என்ற எதிர்மனுதாரரின் வாதத்தை ஏற்க முடியாது. புகார்தாரர் மேல் எந்தத் தவறும் இல்லை.

அஞ்சலை கேட்டு முடித்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார்.

“கேட்டுக்கினியா?”

“கேட்டுக்கினுதான இருக்கேன்.”

“சாரு இன்னா படிச்சாரு?”

“ஜெயிச்சிட்டோம்னு.”

“அது மொதல்ல சொன்னது. இப்ப படிச்சது இன்னா?”

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். தொகை எவ்வளவு என்று கேட்டுப் பேச்சை மாற்றுவார் என்று நினைத்தேன். மாற்றவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“உன்னால இல்லன்னு.”

“ஊர்லயும் இப்பிடியே சொல்லு” என்றார் அஞ்சலை. பிறகுதான் படியிறங்கினார்.